உப்பளத்தில் பத்தொன்பதாவது முகம்

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசை பிசகினால் தப்புச் செய்தவன் அந்த இடைவெளியில் நழுவிவிடுவான். முப்பத்தெட்டு ஆண்டு உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்குத் துண்டறிக்கை எழுதியவனுக்கு இது தெரியும்.

ஒன்று. கீழவாடி உப்பளத்து முதலாளி, உப்புச் சுமக்கும் பெண்களுக்குக் கறுப்புக் கண்ணாடி தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். தரவில்லை.

இரண்டு. வெள்ளை உப்பில் அடித்துத் திரும்பும் வெயில் பட்டுப் பட்டுப் பெண்களுக்குக் கண் கெட்டது. வயதாகிவிட்டதால் கெட்டது என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். அதில் முப்பத்திரண்டு வயதுப் பெண்ணும் இருந்தார்.

மூன்று. கண் சிகிச்சைக்குத் தொழிலாளர் அட்டை வேண்டும் என்றார்கள். அட்டைக்குப் புகைப்படம் வேண்டும் என்றார்கள். முதலாளி ஒரு படக்காரரை அனுப்பினார். அவர் உச்சிவெயிலில் வந்து, பத்து நிமிடத்தில் பத்தொன்பது பேரையும் எடுத்துவிட்டுப் போனார். பின்னால் உப்பு பளபளத்தது. முன்னால் பத்தொன்பது கரிக்கட்டைகள். "முகம் தெரியவில்லை" என்று எல்லாம் திரும்பி வந்தன.

நான்கு. டவுனுக்குப் போய் ஸ்டூடியோவில் எடுக்கலாம் என்று நான்கு பெண்கள் ஒரு நாள் வேலைக்கு வரவில்லை. நால்வரையும் ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள். பிறகு யாரும் ஸ்டூடியோ பக்கம் போகவில்லை.

அப்போதுதான் நானே எடுப்பது என்று முடிவு செய்தேன். வயது அறுபத்திரண்டு. ஒரு பழைய கேமரா வாங்கினேன். யாரிடமும் எதையும் கேட்டுக் கற்றுக்கொண்டு பழக்கமில்லாதவன், கற்றுக்கொள்ளப் போனேன்.

ரெஜினாள் டீச்சர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். வயது முப்பத்தைந்து இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் துறைமுகத்துப் பூங்காவில், பொழுதுபோக்குக்காகப் படம் எடுப்பவர்களுக்குச் சொல்லித் தருவார். ஏழெட்டுப் பேர் வருவார்கள். வங்கி அதிகாரி கோமதிநாயகம் உலக்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் மாட்டிக்கொண்டு வருவார். அதில் கொக்கு எடுப்பார். கொக்கைத் தவிர வேறெதையும் நான் அவரிடம் பார்த்ததில்லை.

முதல் ஞாயிறு கேட்டேன்.

"டீச்சர், உப்பளத்துல முகம் எடுக்கணும். எந்த லென்ஸ் வாங்கலாம்?"

"கையில என்ன இருக்கு அண்ணாச்சி?"

"கேமராவோட வந்த சின்ன லென்ஸ்தான்."

"போதும்."

"போதாது. படம் கறுப்பா வருது."

டீச்சர் கோமதிநாயகத்தின் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை உருவிப் புல்லில் விரித்தார். பக்கத்தில் தன் கறுப்புக் குடையை விரித்து வைத்தார்.

"துண்டை மட்டும் எடுங்க. படம் முழுக்கத் துண்டுதான் தெரியணும்."

எடுத்தேன்.

"இப்ப குடையை மட்டும்."

எடுத்தேன்.

"ரெண்டையும் பாருங்க."

பார்த்தேன். துண்டு சாம்பல் நிறத்தில் இருந்தது. குடையும் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"என் துண்டு அவ்வளவு அழுக்கா?" என்றார் கோமதிநாயகம்.

"சார், உங்க துண்டு வெள்ளைதான். அது கேமராவுக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் சாம்பலாக்கிடும். உப்பைக் காட்டினா, அய்யோ வெளிச்சம் கூடிப்போச்சேன்னு எல்லாத்தையும் இருட்டாக்கும். அதோட சேர்ந்து முகமும் இருட்டாகும்."

"அப்ப லென்ஸ் மாத்தினா?"

"நூறு லென்ஸ் மாத்தினாலும் அப்படித்தான். வெள்ளை எதுன்னு நீங்கதான் அதுக்குச் சொல்லணும்." என் கேமராவின் மேல் இருந்த கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானைக் காட்டினார். "கூட்டல் பக்கம் ஒண்ணரை தள்ளுங்க."

தள்ளினேன். துண்டு வெள்ளையானது.

"முதலாளி மாதிரி ஒரு கருவி," என்றேன். "எல்லாரையும் ஒரே நிறத்துல பார்க்குது."

"அண்ணாச்சி ஆரம்பிச்சிட்டாரு," என்றார் கோமதிநாயகம்.

டீச்சர் என் லென்ஸை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். அதன் மேல் மெல்லிய பூச்சாக உப்பு படிந்திருந்தது. நான் வேட்டி நுனியைக் கொண்டு போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"முதல்ல ஊதுங்க. உப்பு போன பிறகு துடைங்க. உப்போட துடைச்சா கண்ணாடி கீறிடும்."

இவ்வளவு சொன்னவர், பிளாஷ் வாங்கச் சொல்லவில்லை. நானாக வாங்கினேன். நண்பகலில் புருவத்துக்குக் கீழே நிழல் விழுகிறதே, அதைக் கொல்ல வேண்டும் என்று வாங்கினேன். யாரையும் கேட்காமல் வாங்கினேன்.

ஐந்து. இது நான் செய்தது. சாப்பாட்டு இடைவேளையில் பத்தொன்பது பெண்களையும் வரிசையாக நிறுத்தி, முகத்துக்கு நேராக அந்த விளக்கை வெடித்தேன். வெயிலில் புண்ணான கண்கள் என் விரல் அசைவதற்கு முன்பே இறுக மூடிக்கொண்டன. பத்தொன்பது படமும் திரும்பி வந்தன. "கண்கள் மூடியுள்ளன."

அன்று வரிசையில் கடைசியாக நின்றவர் ஐயாத்துரை மனைவி. கூட்டத்தில் அவர் கண்தான் ரொம்பக் கெட்டிருந்தது. பிளாஷ் அடித்ததும் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பொத்தியபடியே சொன்னார்:

"மேல ஒண்ணு காயுதே, அது காணாதுன்னு கையில ஒண்ணு கொண்டாந்துட்டியளே அண்ணாச்சி."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மழைக்கு முன்னால் கத்தி வைக்காவிட்டால் அவருடைய வலது கண் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அட்டை இல்லாமல் கத்தி வைக்க மாட்டார்கள். அட்டை கேட்டு அவருக்காக நான் எழுதிய மனுக்கள் மட்டும் ஏழு.

பிறகு அட்டை கொடுக்கும் அலுவலகத்தின் முன்னால் மூன்று நாள் உட்கார்ந்தேன். தனியாகத்தான் உட்கார்ந்தேன். சங்கத்தில் உட்கார ஆள் வேண்டுமே. மூன்றாம் நாள் வெளியே வந்து சொன்னார்கள்: வருகிற சனிக்கிழமை காலை அலுவலர் உப்பளத்துக்கே வருவார். அவர் கண் முன்னால் படம் எடுக்க வேண்டும். எடுக்கும்போது இரண்டு சாட்சிகள் நின்று ஆளை அடையாளம் சொல்ல வேண்டும். அன்று சரியாக வந்த படத்துக்கு அங்கேயே அட்டை. வராத படத்துக்கு அடுத்த வருஷம்.

வெள்ளிக்கிழமை விடியலில் டீச்சரை உப்பளத்துக்கு அழைத்துப் போனேன்.

"எந்த விளக்கு கொண்டு வரட்டும் டீச்சர்? ஸ்டாண்டு, குடை, என்ன சொன்னாலும் வாடகைக்கு எடுத்திடுறேன்."

டீச்சர் சுற்றிப் பார்த்தார். அள்ளிய உப்பைக் குவிக்கும் தட்டுமேட்டில் பனை ஓலை மூடிய உப்புக் குவியல் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. சூரியன் அதற்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தது. குவியலின் நிழல் மேற்கே நீண்டு கிடந்தது. நிழலுக்கு அப்பால் உப்புப் பாத்திகள் வெள்ளையாக விரிந்திருந்தன.

"நிழல்ல உட்காருங்க. குவியலுக்கு முதுகைக் காட்டி."

உட்கார்ந்தேன். என்னை ஒரு படம் எடுத்து, கேமராவைத் திருப்பிக் காட்டினார்.

என் முகம். மோவாய்க்கு அடியில் நிழல் இல்லை. கண்குழியில் நிழல் இல்லை. அறுபத்திரண்டு வருஷத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது. ஆனால் எதுவும் கடுமையாக இல்லை.

"விளக்கு எங்கே வச்சீங்க?"

டீச்சர் எதிரே இருந்த பாத்தியைக் காட்டினார்.

"அத்தனை ஏக்கர் விளக்கை யாரு அண்ணாச்சி வாடகைக்குத் தருவா?"

நான் எழுந்து அந்த வெள்ளையைப் பார்த்தேன். இதே வெள்ளை கண்ணைத் தின்கிறது என்று நான் எத்தனை துண்டறிக்கை எழுதியிருப்பேன்.

"சரி. வெளிச்சம் ஆச்சு. கண்ணை எப்படித் திறந்து வைக்கிறது? எதிர்ல பார்த்தாலே கூசுமே."

"திறந்து வைக்கச் சொல்லாதீங்க. மூடி வைக்கச் சொல்லுங்க. நல்லா ஓய்வெடுக்கட்டும். குறி பார்த்து, விரலைப் பொத்தான்ல வச்சிக்கிட்டு, திறக்கச் சொல்லுங்க. திறந்த அந்த ஒரு நொடி போதும். கிட்டப் போய் எடுக்காதீங்க, மூக்கு பெரிசாயிடும். நாலு எட்டு தள்ளி நின்னு லென்ஸை நீட்டுங்க. குறி கண் மேல இருக்கட்டும்."

"நீங்களே எடுத்துக் கொடுத்திடுங்களேன் டீச்சர். ஒரு கண் விஷயம்."

"நான் எக்ஸ்ரே எடுக்கிறவ. ஆளை எனக்குத் தெரியாது. இவங்களோட முப்பத்தெட்டு வருஷம் இருந்தது நீங்கதானே?"

"ஆமா," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு அலுவலர் வந்தார். இளைஞர். கணினியை ஒரு ஸ்டூலில் வைத்து, விண்ணப்பங்களை மடியில் அடுக்கிக்கொண்டார். சாட்சிகள் இரண்டு பேர்: கிராம உதவியாளர் ஒருவர், உப்பளத்துக் கங்காணி ஒருவர். கங்காணி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"எட்டரைக்கு வேலை. அதுக்கு மேல ஒரு நிமிஷம் விட மாட்டேன்."

"உன்கிட்ட நான் கேட்கல," என்றேன்.

"நீரு என்னைக்குக் கேட்டீரு?"

முதலில் சந்தனமாரி வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடச் சொன்னேன். மூன்று எண்ணியதும் திறக்கச் சொன்னேன். தலையாட்டினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

சந்தனமாரி திறக்கவில்லை. இன்னும் இறுக மூடிக்கொண்டார். தோளைக் குறுக்கிப் பல்லைக் கடித்தார்.

"திறக்கணும்மா."

"திறக்கத்தான் நெனைச்சேன் அண்ணாச்சி. ஒடம்பு கேக்க மாட்டேங்கு."

மறுபடி எண்ணினேன். மறுபடியும் அதே. அடுத்தவர் வந்தார். அவரும் அதே. உட்கார்ந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரிக்க ஆரம்பித்தார்கள். கங்காணி அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

"ஓய் பரமார்த்தலிங்கம், மூணு சொன்னா எவ கண்ணைத் திறப்பா? நான்லா மூணு சொல்றவன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உப்புப் பெட்டியை இருவர் தூக்கித் தலையில் வைக்கும்போது கங்காணி எண்ணுவார். மூணு என்றதும் பெட்டி தலைக்கு ஏறும். பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் நெற்றியில் வழியும். மூணு என்றால் கண்ணை மூடு. அவர்கள் உடம்பு படித்தது அதுதான். தினமும் இருநூறு தடவை படித்தது.

டீச்சர் பின்னால் ஓலை ஓரமாக நின்றிருந்தார்.

"டீச்சர், மூணு சொல்ல முடியாது. என்ன சொல்லித் திறக்க வைக்கிறது?"

"கூப்பிடுங்க," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார்.

கேமராவைக் கண்ணில் வைத்தேன். நாலு எட்டு தள்ளி நின்றேன். கூட்டல் ஒண்ணரை.

"சந்தனமாரி."

"என்னண்ணாச்சி?"

கண் திறந்தது. அழுத்தினேன். அலுவலர் கணினியில் பார்த்தார். சாட்சிகளைப் பார்த்தார். "சந்தனமாரிதான்," என்றார்கள் இருவரும். ஓர் அட்டை முடிந்தது.

அதன் பிறகு வேகமாகப் போனது. பூரணவல்லி. ஞானசுந்தரி. எஸ்தர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் திறந்தது. எஸ்தர் கண் திறக்கும்போதே சிரித்துவிட்டார். சிரிக்கக் கூடாது என்றார் அலுவலர். "அவ கல்யாணத்துக்கே சிரிச்சதில்ல சார், விட்டுருங்க," என்றார் பூரணவல்லி. அலுவலர் விட்டுவிட்டார். என் சங்கப் பதிவேட்டை நான் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. பதினெட்டுப் பெயரும் நாக்கிலேயே இருந்தன. ஒவ்வொரு படமும் முடிந்ததும் டீச்சரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

பதினெட்டு முடிந்தபோது மணி எட்டு இருபது. சூரியன் ஏறியிருந்தது. நிழல் சுருங்கிக் குவியலின் காலடிக்கு வந்துவிட்டது. ஒரு ஆள் உட்காரும் அளவுதான் மிச்சம்.

ஐயாத்துரை மனைவி அதில் வந்து உட்கார்ந்தார். முந்தானையை முகத்திலிருந்து எடுத்தார். இமை விளிம்புகள் சிவந்திருந்தன. கண்ணை மூடியபடி, கூப்பிட்டதும் திறக்கத் தயாராக முகத்தை என் பக்கம் நிமிர்த்தினார்.

குறி பார்த்தேன். விரலை வைத்தேன். வாயைத் திறந்தேன்.

வாயில் ஒன்றும் இல்லை.

ஆறு. இதையும் வரிசையில் சேர்க்கிறேன். எங்கள் சங்கத்தில் குடும்பத்துக்கு ஓர் உறுப்பினர் என்று விதி வைத்திருந்தோம். விதி எழுதியவன் நான். அந்த வீட்டில் உறுப்பினர் ஐயாத்துரை. அவர் இறந்த பிறகு பதிவேட்டில் "ஐயாத்துரை மனைவி" என்று எழுதிக்கொண்டோம். என் ஏழு மனுவிலும் அப்படித்தான் இருக்கிறது. இந்த விண்ணப்பத்தைச் சங்க அலுவலகத்தில் வேறொருவர் ரேஷன் அட்டையைப் பார்த்துப் பூர்த்தி செய்தார். நான் வாசித்துப் பார்க்கவில்லை.

"ஏம்மா," என்றேன்.

அவர் அசையவில்லை. அங்கே பத்தொன்பது பேருமே எனக்கு 'ஏம்மா'தான்.

"ஐயாத்துரை மனைவி."

கண் திறக்கவில்லை. மூடிய கண்ணோடு சொன்னார்:

"அவரு போயி ஒம்பது வருஷமாச்சே அண்ணாச்சி. இன்னுமா அவர்கிட்ட கேட்டுட்டு என்னைக் கூப்பிடுதிய?"

பெண்கள் இந்த முறை சிரிக்கவில்லை. கங்காணியும் சிரிக்கவில்லை. அவர் தரையைப் பார்த்தார். அவருக்கும் பெயர் தெரியாது என்பது எனக்குப் புரிந்தது. அவரும் நானும் ஒரே மாதிரி நின்றோம். என் வாழ்க்கையில் அவருக்குப் பக்கத்தில் அப்படி நின்றதில்லை.

"இன்னும் ஏழு நிமிஷம்," என்றார் அலுவலர். "சார், கண் திறந்தாத்தான் நான் எடுத்துக்க முடியும். இவங்களை விட்டா அடுத்த வருஷம்தான்."

பின்னால் இருந்த பெண்களில் யாராவது மெதுவாகச் சொல்லியிருப்பார்கள். கேட்டிருக்கலாம். முப்பத்தெட்டு வருஷம் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தவனுக்கு, அவர்களிடம் ஒன்றைக் கேட்பதற்குக் கழுத்து திரும்பவில்லை. அதற்குப் பதிலாகக் கேமராவைப் பார்த்தேன். பொத்தான்களைப் பார்த்தேன்.

"டீச்சர், நிழல் போகுது. பிளாஷை லேசா வச்சுப் பார்க்கட்டுமா?"

டீச்சர் ஓலை ஓரத்திலிருந்து வந்தார். அலுவலரிடம் "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லி, மடியில் கடைசியாக இருந்த விண்ணப்பத்தை வாங்கினார். கொண்டுவந்து என் முகத்துக்கு நேராக, கேமராவுக்குச் சற்று மேலே, நான் பார்க்கும்படி பிடித்துக்கொண்டார்.

அதில் முதல் கட்டத்தில் நீல மையில் ஒரு பெயர் இருந்தது.

வாசித்தேன். எழுத்துக் கூட்டுகிறவன் மாதிரி வாசித்தேன். அச்சகத்தில் பிழை திருத்தியே படிக்கக் கற்றவன் நான். அன்று என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

இமைகள் லேசாக அசைந்தன. தன்னைத்தானா என்று தெரியாதவர் போல அவர் தலையைச் சற்றுச் சாய்த்தார். திறக்கவில்லை.

நிழல் அவர் மடிக்கு வந்துவிட்டது. தோளில் ஒரு கீற்று வெயில் விழுந்தது.

"டீச்சர், இன்னும் வெளிச்சம் வேணுமா?"

"வெளிச்சம் போதும்," என்றார் டீச்சர். "சத்தம்தான் காணாது. சாட்சிகளுக்கும் கேக்கணும் அண்ணாச்சி."

மைக் இல்லாமல் மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல் என்று என்னைச் சொல்வார்கள். குறியை அவர் வலது கண் மேல் வைத்தேன். விரலைப் பொத்தானில் வைத்தேன். அலுவலர், கிராம உதவியாளர், கங்காணி, பதினெட்டுப் பெண்கள், அத்தனை பேரும் கேட்க அந்தத் தாளில் இருந்த பெயரை வாசித்தேன்.

"வெயிலுகந்தாள்!"